வெயில் மூலை

நவம்பர் கடைசியில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிற்று.
இனி ஜனவரியில்தான்.
டிரோம்சோவில் இதை யாரும் செய்தியாகச் சொல்வதில்லை.
அந்த வாரம் பார்த்துத்தான்
அட்டைப்பெட்டி ஒன்றைச் சட்டைக்குள் பொத்திக்கொண்டு
எஸ்கில் வந்தான்.
தாடி ஓணான். தாடிக்கு இன்னும் வயதாகவில்லை.
வாலையும் சேர்த்தால் என் கையை ஒரு விரல் தாண்டும்.

வேலியே இல்லாத தெருவில் இருந்துகொண்டு
ஓணானை மடியில் கட்டிக்கொண்டேன்.
குத்துது குடையுது என்று இனிச் சொல்ல முடியாது.

நான் எலக்ட்ரீஷியன்.
ஆஸ்பத்திரியில் அறுவை அரங்க விளக்கெல்லாம் என் பொறுப்பு.
ஒரு சூரியனை மாட்டுவது என்ன பிரமாதம் என்றிருந்தேன்.
மூன்று நாள் ஆனது.

முதலில் நடுவில் மாட்டினேன். தப்பு.
பெட்டி முழுக்க ஒரே சூடு, ஒதுங்க இடமில்லை.
கழற்றி இடது ஓரத்துக்குக் கொண்டுபோனேன்.
அங்கே உச்சி வெயில்,
வலது கோடியில் பாறையடி நிழல்.
எப்போது எங்கே படுப்பது என்பது
அதன் சொந்த விவகாரம்.

சிவப்பு மணல் ஒரு பை வாங்கியிருந்தான்.
ஆசையாய்க் கொட்டினான்.
நான்தான் அள்ளினேன், கரண்டியால், ஒரு ஞாயிறு முழுக்க:
குட்டி பூச்சியோடு மணலையும் விழுங்கும்,
குடலில் அடைத்துக்கொள்ளும்.
இப்போது தரையில் குளியலறைக்கு வாங்கி மிஞ்சிய ஓடு.
பாலைவனம் கொஞ்சம் பாத்ரூம் மாதிரி இருக்கிறது.
இருக்கட்டும்.

பல்புக்குக் கம்பிக்கூண்டு. கதவுக்குப் பூட்டு.
கரை ஒதுங்கிய கட்டை ஒன்றை
உப்புப் போக ஊறவைத்து, அவனில் காயவைத்து,
திருகாணி போட்டு இறுக்கினேன்.
சரிந்தால் நசுங்கப்போவது நானல்ல.
புற ஊதா ட்யூப் ஒன்று, கண்ணாடிக்கு உள்பக்கமாய்;
அது இல்லாமல் எலும்பு வளைந்துவிடுமாம்.
நாங்களும் அதற்காகத்தான்
காலையில் ஒரு ஸ்பூன் மீன் எண்ணெய் குடிக்கிறோம்,
முகத்தைச் சுளித்துக்கொண்டு.

நான்காம் நாள் அது கை தூக்கியது.
ஒரே ஒரு முன்கை. மெல்ல ஒரு வட்டம். பிறகு கீழே.
"அம்மா, டாட்டா காட்டுது!"
அவனும் காட்டினான். நானும் காட்டினேன்.
அன்று பூராவும் அது காட்டிக்கொண்டே இருந்தது,
நாங்கள் பக்கத்தில் இல்லாதபோதும்.
இரவில் படித்துத் தெரிந்துகொண்டேன்.
அது வணக்கமில்லை.
நான் சின்னவன், என்னை ஒன்றும் செய்யாதே.
கண்ணாடியில் தெரிந்த தன்னிடமே
நாளெல்லாம் கெஞ்சியிருக்கிறது.

எழுந்துபோய் மூன்று பக்கமும் பழைய பேப்பர் ஒட்டினேன்.
பனிச்சரிவு எச்சரிக்கை, இறால் விலை,
யாருக்கோ ஐம்பதாவது பிறந்தநாள் வாழ்த்து.
காலையில் கை தூக்கவில்லை. தின்றது.

அதன் இரண்டு கண்ணுக்கும் நடுவே எவ்வளவு இடமோ
அதற்கு மேல் பூச்சி பெரிதாயிருக்கக் கூடாது.
எஸ்கில் ஒவ்வொரு சில்வண்டாய் அளக்கிறான்.
இறக்கை முளைத்த ஒன்று தேறவில்லை;
ஜாம் புட்டியில் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி,
ஃபிரிட்ஜ் மேல் வைத்தான்.
தின்னாமல் விட்டதை இரவுக்குள் பொறுக்கிவிட வேண்டும்.
தூங்கும் குட்டியை அதுகள் கடிக்கும்.

புதன்கிழமை.
ஒரு வாரம் என்னோடு, ஒரு வாரம் ஹல்வார்டோடு.
பிள்ளைக்கு இரண்டு பிரஷ், இரண்டு கோட்டு, இரண்டு கட்டில்.
ஓணானையும் கொண்டுபோகிறேன் என்றான்,
பஸ்ஸில், பாலம் தாண்டி, மைனஸ் பதினொன்றில்.
"முடியாது. அதுக்கு ஒரு சூரியன்தான்."
சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.
அவன் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான்,
ரொம்ப நேரமாய்.

எட்டு மணிக்குப் போன்.
எப்படி இருக்கிறாய் என்றெல்லாம் இல்லை.
"எவ்வளவு காட்டுது?"
மண்டியிட்டுப் படித்தேன்.
வெயில் மூலை நாற்பது. நிழல் மூலை இருபத்தாறு.
"சரி," என்றான். "அணைச்சிரு."

அணைத்தேன்.
இருட்டில் கண்ணாடி இன்னும் சூடாக இருந்தது.
ஃபிரிட்ஜ் மேலே, ஜாம் புட்டிக்குள்,
அளவில் தேறாத அது
கத்த ஆரம்பித்தது.